நாலாவது ஸ்லைடு

ஒரு மாணவியின் அப்பாவைப் பற்றி நான் ஒரு பொய் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ஒரு மாநாட்டு மேடையில் சொன்னாள். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நடந்தது இவ்வளவுதான். யாருக்கும் வேலை போகவில்லை, யாரும் யாரோடும் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த மாநாட்டுக்கான சுற்றறிக்கை வருடா வருடம் மேஜைக்கு வரும்போது எனக்கு என் மேல் நன்றாகக் கோபம் வருகிறது.

செம்பூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு மாட்டுங்காவில். பாலக்காட்டிலிருந்து வந்து, ரயில்வேயிலும் வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் பேனா பிடித்தே மூன்று தலைமுறையை ஓட்டிய குடும்பம். கல்லூரியில் ஒருங்கிணைப்பாளர் என்ற சொல் எங்கே வந்தாலும் அதன் பக்கத்தில் என் பெயரை எழுதிவிடுவார்கள். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், பிள்ளைகளை விரட்டி வேலை வாங்கத் தெரியும், ஆறு மணிக்கு மேல் ஆனாலும் ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அவர்கள் போட்டிருக்கும் கணக்கு சரியானதுதான்.

மாநாட்டுக்குப் பெயர் வளாகத் தலைமைப் பண்பு மாநாடு. அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் ஐந்தாறு சேர்ந்து நடத்துவது. அந்த வருடம் எங்கள் முறை. கல்லூரிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம், பத்து ஸ்லைடு. நான் எங்கே பொறுப்பேற்றேன், என்ன செய்தேன், அதில் என்ன தெரிந்துகொண்டேன் என்று பேச வேண்டும். முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் புனேயில் ஒரு வாரப் பயிற்சி முகாமுக்குப் போவார்கள். அங்கே வரும் கம்பெனிகள் சிலரை இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொள்ளும். சொல்லி அனுப்ப மாமாவோ சித்தப்பாவோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

மதிப்பெண் தாளில் பொருள், பேச்சு, ஸ்லைடு என்று வழக்கமான தலைப்புகள் இருக்கும். கடைசியில் சொந்தச் சவால் என்று ஒன்று, அதற்குப் பத்து மதிப்பெண். உனக்கு வாழ்க்கையில் என்ன கஷ்டம் வந்தது, எப்படித் தாண்டி வந்தாய் என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. மற்றவற்றில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வாங்குவார்கள். ஏறுவதும் இறங்குவதும் இந்தப் பத்தில்தான். நடுவர்களாக வரும் கம்பெனி அதிகாரிகளுக்கு மேடையில் யாருடைய குரலாவது லேசாக உடைந்தால் போதும், தலையை ஆட்டிக்கொண்டே மதிப்பெண் போட்டுவிடுவார்கள்.

ஆகவே கஷ்டத்தையும் தயார் செய்ய வேண்டியிருந்தது. வாஷியிலிருந்து வரும் பையன் ஒரு வாரம் தேடினான். அவனுக்குக் கஷ்டமே இல்லை. லிஃப்ட் வைத்த கட்டடம், அம்மா அப்பா இருவருக்கும் வேலை, சாப்பாட்டு மேஜையில் பழம். கடைசியில் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் மாற்றியதைக் கொண்டுவந்து கொடுத்தான். திலக் நகர்ப் பெண் நடனப் பயிற்சியில் முழங்கால் பிசகியதை எழுதினாள். மூன்றாவது ஆள் தாராவிப் பெண். அவளைப் பார்த்து வாஷிப் பையன், "தேரா தோ ரெடிமேட் ஹை யார்" என்றான். உனக்கென்ன, கஷ்டம் ரெடிமேடாகவே இருக்கிறதே என்று அர்த்தம். உண்மையான பொறாமையோடுதான் சொன்னான். அவளும் சிரித்தாள். நான் அவனை அதட்டினேன், ஆனால் மனதுக்குள் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவளுடைய சர்ச்சில் டிசம்பர் மாதம் இளைஞர் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும், கேரல் ரவுண்ட்ஸ் என்பார்கள். அவள் இரண்டு வருடமாக அந்தக் குழுவின் செயலாளர். எந்தச் சந்துக்கு எந்தச் சாயங்காலம், யார் டிரம் தூக்குவது, யார் நட்சத்திரம் பிடிப்பது என்று எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தமிழ் சரளமாகப் பேசுவாள், படிக்க வராது. தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் டிரம் கிடையாது, கைத்தட்டு மட்டும். நோயாளி இருக்கும் வீட்டில் வாசலில் நின்று ஒரே ஒரு சரணம். அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் பாட்டே கிடையாது, இரண்டு பேர் மட்டும் உள்ளே போய் ஜெபித்துவிட்டு வர வேண்டும். முன்பு எந்த வீட்டில் முதலில் பாடுவது என்று இரண்டு குடும்பங்களுக்குள் வருடா வருடம் சண்டை நடக்குமாம். இவள் வந்ததும் ஒரு வருடம் சந்தின் இந்த முனையிலிருந்தும் அடுத்த வருடம் அந்த முனையிலிருந்தும் ஆரம்பிக்கலாம் என்று வைத்தாள். சண்டை நின்றது.

முப்பது வருடமாக மேலாண்மைப் பாடம் நடத்துகிறவளுக்கு அது என்ன என்று தெரியாமல் போகுமா? நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், நடுவர்களுக்கு இதெல்லாம் பிடிபடாது, கோயில் காரியம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அந்த நோட்டு இரண்டு ஸ்லைடாகச் சுருங்கியது. மீதிக்கு என் பாடப் புத்தகத்திலிருந்து வட்டமும் அம்பும் போட்டு நிரப்பினேன். நாலாவது ஸ்லைடைச் சவாலுக்கு என்று காலியாக வைத்தேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் அறையில் அவளை உட்கார வைத்துக் கேட்டேன்.

"உனக்கு வந்த சவால் என்ன?"

"சவால்னா மேம்?"

"கஷ்டம். நீ காலேஜ் வரதுக்கு ஆத்துல, வீட்டுல, ஏதாவது எதிர்ப்பு இருந்ததா?"

அவள் யோசித்தாள். "எதிர்ப்புன்னு இல்ல மேம். பன்னெண்டாவது முடிச்சதும் காலேஜ் போறேன்னு சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசிச்சாங்க."

"எத்தனை நாள்?"

"ஒரு நாள் மேம். மத்லப், அதாவது சாயங்காலம் கேட்டேன். மறுநா சாயங்காலம் சரின்னுட்டாங்க."

அந்த ஒரு நாளை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கறுப்புத் திரையில் பெரிய வெள்ளை எழுத்தில், "மை ஃபாதர் செட் நோ." அப்பா வேண்டாம் என்றார். அதன் கீழே, "ஐ டிட் நாட் ஸ்டாப்." நான் நிற்கவில்லை. படம் இல்லை, அம்பு இல்லை. தட்டச்சு செய்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வரியைச் சொன்னதும் மூன்று விநாடி நிற்க வேண்டும், மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும், அப்புறம்தான் இரண்டாவது வரி என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேம், அப்பா அப்படிச் சொல்லல மேம்."

"தெரியறது. பிரசென்டேஷன்ல எதையும் சுருக்கித்தான் சொல்லணும்."

"இல்ல மேம், அன்னைக்கு அப்பா வர்றாங்க."

அவர் வருவது எனக்குத் தெரியும். பெற்றோர் வரலாமா, எங்கே உட்காரலாம், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவள் மூன்று முறை கேட்டிருந்தாள். அவர் அணுசக்தி நகரில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். அட்மிஷன் அன்று டியூட்டி இருந்ததால் அம்மாதான் வந்தாராம். இந்தக் கல்லூரிக்குள் அவர் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. அதற்காக இரண்டு வாரத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

"அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியுமோ?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். நான் அதைப் புரியாது என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்போ உனக்கென்ன கவலை?" என்றேன்.

மாட்டுங்காவில் என் வீட்டிலிருந்து தாராவிக்கு இருபது நிமிட நடை. ஐம்பத்தைந்து வயதில் நான் நாலைந்து தடவை அங்கே போயிருந்தால் அதிகம், அதில் இரண்டு தடவை தோல் பை வாங்க. இந்த லட்சணத்தில் அங்கே இருக்கும் ஒரு மனிதருக்கு என்ன புரியும், என்ன புரியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒரே ஒரு பொய்யில் ஒரு பெண்ணை புனேக்கு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன், அதுவும் கேட்பவருக்கே புரியாத பொய். எனக்கு உறுத்தவே இல்லை.

இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. வாஷிப் பையன் எட்டு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் பேசினான். திலக் நகர்ப் பெண் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வி கேட்பதுபோல் முடித்தாள். தாராவிப் பெண்ணிடம் சொல்லும்படி குறை எதுவும் இல்லை, நாலாவது ஸ்லைடு ஒன்றைத் தவிர. அங்கே வந்ததும் இரண்டு வரியையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஐந்தாவதுக்குத் தாவிவிடுவாள். மூன்று விநாடி எங்கே என்று கத்துவேன். சாரி மேம் என்பாள். அடுத்த தடவையும் அதேதான். மாநாட்டுக்கு முந்தின நாள் ஒத்திகையில் மட்டும் சரியாக நின்றாள். நிதானமாக, முழுதாக மூன்று விநாடி. ஒரு வழியாகப் படிந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். இடையில் என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மாநாடு பத்து மணிக்கு. அவளுடைய அப்பா எட்டரைக்கே வந்துவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. நான் வாசலில் பேனரை நேராகக் கட்டச் சொல்லி யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், நான் அவளுக்க அப்பா" என்றார்.

"வாங்கோ வாங்கோ" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்காரச் சொன்னேன்.

"பின்னால இருந்துக்கிடுதேன் டீச்சர். முன்னால பெரிய ஆளுங்க வருவாங்கல்லா."

"நீங்க இங்கதான் உட்காரணும்" என்று பிடிவாதமாக உட்கார வைத்தேன். உபசாரத்தில் நான் குறை வைக்கவில்லை.

தொடக்க உரை ஆற்ற வந்தவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. இங்கிலீஷில் முக்கால் மணி நேரம் பேசினார். நான் கையில் மைக்கோடு சுவரோரம் நின்றிருந்தேன். நடுவில் அவர் ஒரு வேடிக்கை சொன்னார். தன் ஆபீஸில் ஃபேனைப் போட்டால் மட்டும்தான் ஃபைல் நகரும் என்றார். இங்கிலீஷில் அதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொன்னார், ஹாலில் பாதிப் பேருக்கு உறைக்கவில்லை. முதலில் சிரித்தது மூன்றாவது வரிசை. அவளுடைய அப்பாதான். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கும் அவர் சரியான இடத்தில் சிரித்தார்.

அதற்கப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. இத்தனை வருடம் அந்த மனிதர் ஓட்டும் வண்டியில் அவர் முதுகுக்குப் பின்னால் அணு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் இன்ஜினியர்களும் உட்கார்ந்து போகிறார்கள். ஒருவர் வங்காளி, ஒருவர் மலையாளி, ஒருவர் பஞ்சாபி. காலையும் மாலையும் அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஃபேன் ஜோக் தேவைப்பட்டது.

தேநீர் இடைவேளையில் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். எல்லாக் கல்லூரி ஸ்லைடுகளையும் ஒரே ஃபைலாகச் சேர்த்துப் பூட்டியாயிற்று, துணை முதல்வர் வந்து சொன்னால்தான் திறப்பேன் என்றார் லேப் உதவியாளர். துணை முதல்வரிடம் என்ன காரணத்தைச் சொல்வது? அங்கிருந்து பேச்சாளர்கள் காத்திருந்த அறைக்குப் போனேன். அவள் ஜன்னல் பக்கம் நின்று உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது ஸ்லைடை விட்டுடு. பட்டனை ரெண்டு தடவை அமுக்கி அஞ்சாவதுக்குப் போயிடு."

"ஏன் மேம்?"

"அப்பா உட்கார்ந்திருக்கார்."

"தெரியும் மேம்." அவள் குரலில் பதற்றம் இல்லை. "விட்டா டைமிங் போயிடும் மேம். நீங்கதான சொன்னீங்க, சவால் இல்லன்னா பத்து மார்க்கு போயிடும்னு. பரவால்ல மேம், நான் சொல்லிடுறேன்."

நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூடாது என்றால் கேட்டிருப்பாள், எதையும் கேட்கிற பெண். சொல்லவில்லை. அவள் பரவாயில்லை என்றதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பத்து மதிப்பெண் பத்திரமாக இருக்கிறது, பழியும் என் தலையில் இல்லை. "ஆல் த பெஸ்ட்" என்று தோளைத் தட்டிவிட்டு ஹாலுக்குத் திரும்பினேன். அன்று செய்ததில் மிகக் கேவலமான காரியம் எது என்று கேட்டால், எழுதிக் கொடுத்ததைவிட இந்தத் தோள் தட்டலைத்தான் சொல்வேன்.

அவள் முறை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது. மூன்று ஸ்லைடு தெளிவாகப் போயிற்று. நாலாவது திரையில் விழுந்தது. கறுப்பில் வெள்ளை. நான் பெரிதாகப் போட்டிருந்த எழுத்து அந்த ஹாலில் இன்னும் பெரிதாக, கடைசி வரிசைக்கும் தெரியும்படி இருந்தது. "மை ஃபாதர் செட் நோ" என்றாள். நின்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுருங்கவில்லை, தலை குனியவில்லை, கழுத்தைத் திருப்பி யாரையும் பார்க்கவும் இல்லை. சிக்னலில் நிற்கும் டிரைவரைப்போல நேராக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நடுவர் அம்மாள் நாக்கால் ச்சு ச்சு என்றார். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். மூன்று விநாடி அவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது. பேச்சு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடுதலாக.

அவளுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. முதலிடம் வேறொரு கல்லூரிக்கு. புனே போவது உறுதியாகிவிட்டது. சவாலுக்குப் பத்துக்கு ஒன்பது என்று துணை முதல்வர் என்னிடம் தாளைக் காட்டிப் பாராட்டினார். முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் அன்றைக்கே வேண்டும் என்று ஒரு படிவத்தையும் கொடுத்தார். மகளைத் தோழிகள் சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வராந்தாவில் தனியாக நின்றிருந்தார். படிவத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் அவசரப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிப் படித்தார்.

"இந்த இண்டெம்னிஃபைங்கது, ஏதாச்சும் ஆச்சுன்னா காலேஜைக் கேக்கக்கூடாதுங்கதுதானே டீச்சர்?"

"ஆமாம்."

சரி என்று தலையாட்டி மீதியையும் படித்து முடித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, ஜன்னல் திட்டில் வைத்து, இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். என்னால் அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை.

"அந்த ஸ்லைடு நான் எழுதினது. உங்க பொண்ணு அப்படிச் சொல்லவே இல்லை. நீங்க ஒரு நாள் யோசிச்சேள்னு மட்டும்தான் சொன்னா."

"ஆமா டீச்சர், யோசிச்சேன்" என்றார். "எந்தக் காலேஜுன்னு யோசிச்சேன். என் வண்டி போற ரூட்டுல எது இருக்குன்னு மறுநா வண்டி ஓட்டிக்கிட்டே பாத்தேன். அவசரம்னா எறங்கி வந்துரலாம்லா. இந்தக் காலேஜு சிக்னல் பக்கத்துலயே இருந்துச்சு."

மன்னிச்சுக்கோங்கோ என்று ஏதோ முனகினேன். உங்களுக்குப் புரியாது என்று நினைத்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க சொல்லாம எனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சிட்டீங்களா?" என்றார், கோபம் இல்லாமல். "முந்தாநேத்தே அவ சொல்லிட்டா டீச்சர். தாள்ல எழுதிக் காட்டுனா. அப்பா, இப்படி ஒண்ணு மேடையில சொல்லணுமாம், சொல்லட்டுமான்னு கேட்டா. அழுதா."

"நீங்க என்ன சொன்னேள்?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அவ கேட்டு நான் எதையும் வேண்டாம்னு சொன்னதில்ல டீச்சர். இதையும் சொல்லல."